கல்வெட்டில் விடுபட்ட பதினைந்து ஆண்டுகள்

அம்மப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் அச்சிட்ட கல்வெட்டு என்ற நினைவுமலரில் தேவாரங்களுக்கும் நன்றி நவிலலுக்கும் இடையே அவருடைய வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கங்களுக்கு வருகிறது. பிறந்தது, படித்தது, திருமணம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில் அவர் செய்த தொண்டு என்று எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அவர் என்ன வேலை பார்த்தார் என்பதற்கு மட்டும் ஒரேயொரு வசனம்: 'இளமையில் அரச சேவையில் இணைந்து கடமையாற்றினார்.' நான் எழுதிக்கொடுத்த பிரதியில் அந்த இடத்தில் 1952 முதல் 1967 வரை றோயல் சிலோன் நேவியில் மாலுமியாக இருந்தார் என்று இருந்தது. ஊரில் இருக்கும் பெரிய மாமா அதை வெட்டினார். கனடாவில் இருக்கும் சின்ன மாமா அதற்குச் சம்மதித்தார். பெரிய மாமாவின் கவலை, செத்தவீட்டுக்கு வந்துபோனவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்கள் என்பது. சின்ன மாமாவின் கவலை, கல்வெட்டின் படம் முகநூலில் போனால் அங்கே அவருடைய கூட்டாளிகள் என்ன கேட்பார்கள் என்பது. சித்தி மட்டும், "அப்பா அதில பென்சன்கூட எடுக்கேல்லையே, பிறகென்ன?" என்றார். அது எந்தப் பக்கத்துக்கு ஆதரவான பேச்சு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அச்சான வசனம் பொய்யல்ல. கடற்படையும் அரச சேவைதான். திருகோணமலையில் ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வரியை வெட்டுவதற்கு என்ன காரணம் என்று இதை வாசிக்கும் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. மாமாமார் இருவரும் அவரிடம் உயிரையே வைத்திருந்தவர்கள். இறந்துபோன தகப்பனை யாரும் ஒரு பார்வை பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தார்கள். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளையும் எடுத்துவிட்டால் மீதி இரண்டு பக்கத்தில் இருக்கும் மனிதர் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. அன்பான தாத்தா என்று நாங்கள் எல்லோரும் சொல்லி அழுதோமே, அந்த அன்பின் பழக்கவழக்கங்கள் ஒவ்வொன்றும் அவர் அங்கிருந்து கொண்டுவந்தவை.

அவர் 1932இல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் தச்சராக இருந்தார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பானிய விமானங்கள் வந்தபோது அம்மப்பாவுக்குப் பத்து வயது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்றின் மேல் ஒரு விமானம் விழுந்து அது நாட்கணக்காக எரிந்ததையும், துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற கப்பல் எரிந்ததையும், தாங்கள் தம்பலகாமத்துக்கு ஓடியதையும் அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல்நாள் இரவு இதே துறைமுகத்திலிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்று முற்பகல் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கி, 307 பேர் அதோடு போனார்கள். இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாதது, அந்தப் புகையைப் பார்த்த ஒரு பத்து வயதுப் பையனுக்குக் கடலைவிட்டு ஓடவேண்டும் என்று தோன்றாமல், கப்பலில் ஏறவேண்டும் என்று தோன்றியதுதான். 2018இல் சகாயிங்கைக் கடலடியிலிருந்து மிதக்கவிட்டு எடுத்தபோது பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "முன்பக்கம் இவ்வளவு முழுசா இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். அப்போது அவருக்கு எண்பத்தாறு வயது.

றோயல் சிலோன் நேவி 1950 டிசம்பரில்தான் தொடங்கப்பட்டது. இவர் 1952இல் சேர்ந்தபோது அதில் பெரிய கப்பல் என்று சொல்வதற்கு, பிரித்தானியர்கள் கொடுத்த பழைய கண்ணிவாரிக் கப்பலான விஜயா ஒன்றுதான் இருந்தது. தியத்தலாவைக் குளிரில் பயிற்சி, பிறகு கப்பல், பிறகு 1957இல் பிரித்தானியர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதும் சொந்த ஊரிலேயே வேலை. அந்தக் காலத்தில் ஒரு தமிழன் அந்தப் படையில் இருப்பதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. 1955இல் இராணுவத்தின் முதலாவது இலங்கைத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர். மாமாமாருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் 1983க்குப் பிறகு வந்த சொற்களைக் கொண்டு 1952ஐ வாசிக்கிறார்கள் என்பதே என் குறை. சரளமாகச் சிங்களம் பேசிய அம்மப்பா, பதவி உயர்வுக்குச் சிங்களப் பரீட்சை எழுதவேண்டும் என்று வந்தபோது எழுத மறுத்து, 1967இல் விலகி வந்து கடற்கரை வீதியில் ஒரு கடையில் கணக்கெழுதினார். "பேசத் தெரிஞ்சதைப் பரீட்சை வைச்சோ காட்டுறது?" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

சீ.ஆர். கொப்பி

அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். பென்சிலைப் பிளேட்டால் சீவி, அளவுகோல் வைத்துக் கோடு கீறி, ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதுவார்: திகதி, காற்று, கடல், ஆட்கள். காற்று என்ற இடத்தில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடல் என்ற இடத்தில் 'அமைதி' அல்லது 'எழும்புது'. ஆட்கள் என்ற இடத்தில் அன்றிரவு கதவைப் பூட்டும்போது வீட்டுக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை. கப்பலில் நாட்குறிப்பு எழுதும் முறையை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார். சின்ன மாமா வெளிநாட்டுக்குப் போன இரவு 9 என்பதை எழுதி, வெட்டி, 8 என்று எழுதியிருக்கிறார். பழைய கொப்பிகளைப் புரட்டும்போது அப்படி வெட்டப்பட்ட எண்ணை வேறெங்கும் நான் காணவில்லை; மற்றெல்லா நாளும் எண்ணிய பிறகுதான் எழுதியிருக்கிறார்.

பேரப்பிள்ளைகளாகிய எங்களை அவர் கொஞ்சியதாக எனக்கு ஞாபகம் இல்லை. செருப்பு வார் அறுந்தால் பள்ளிக்கூடம் போகுமுன் ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் கொண்டு தைத்துத் தந்திருப்பார். வெள்ளைக் காற்சட்டையைத் தலையணைக்கடியில் மடித்து வைத்து மடிப்பு விழச்செய்யும் வித்தையைக் காட்டித் தந்தார். கிவி பொலிஷை எச்சில் தொட்டுச் சின்ன வட்டங்களாகத் தேய்த்தால்தான் சப்பாத்து மினுங்கும் என்பார். பரீட்சைக்கு முதல்நாள் இரவு படித்தாயா என்று கேட்கமாட்டார், சப்பாத்தைக் கொண்டுவா என்பார். தொண்ணூறுகளில் நான் உவர்மலையிலிருந்து இரவு டியூசனுக்குப் போய்வந்தபோது, ஒரு நாளும் தவறாமல் வாசலில் வந்து நிற்பார். சென்றிப் பொயிண்ட் இருக்கும் பக்கமாக அவரும், மதில் பக்கமாக நானும் நடப்போம். அடையாள அட்டையை மேற்சட்டைப் பையில் அல்ல, கையிலேயே வைத்திருக்கச் சொல்வார். பைக்குள் கைபோவதைப் பார்த்தால் காவலுக்கு நிற்பவன் பயப்படுவான் என்பதும், பயந்தவனிடம் துவக்கு இருக்கக் கூடாது என்பதும் அவருக்கு உள்ளிருந்து தெரிந்த விடயங்கள். ஆனால் எந்தச் சோதனைச் சாவடியிலும் தன் பழைய சேவைப் புத்தகத்தை அவர் எடுத்துக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் சில நாட்களாவது வெயிலில் நிற்காமல் தப்பியிருக்கலாம். வரிசையில் எல்லோரோடும் நின்றார்.

மணல்தீடை

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா கொழும்பில் அகப்பட்டுவிட்டார். வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மம்மா இடுப்பில் செருகிக்கொண்டு நாங்கள் புறப்பட்டு, வவுனியா, மடு என்று போய், கடைசியில் பேசாலைக் கரையில் நின்றோம். அந்த வழியில் நடந்தவற்றை அந்த ஆண்டு அவ்வழியே போன எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எங்களுடையது அதிலிருந்து வேறானதல்ல. அம்மாவின் இரண்டு காப்புகளைக் கொடுத்து, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஒரு படகில் இரவோடு ஏறினோம். எங்கள் குடும்பத்தில் ஏழு பேர். நடுச்சாமம் தாண்டிய பிறகு ஓட்டி இயந்திரத்தை நிறுத்தி, இந்தியா வந்துவிட்டது, இறங்குங்கள் என்றான். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி மணலில் ஏறினோம். படகு திரும்பிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மப்பா அம்மம்மாவிடம், "இது இந்தியா இல்லை, தீடை" என்றார். கடல் நடுவே இருக்கும் மணல்திட்டைத்தான் அப்படிச் சொன்னார்.

பிறகு அவர் செய்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக என்னால் இன்றும் சொல்லமுடியும். அம்மம்மாவின் கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தொடும் கோட்டில் மணலில் குத்தினார். எங்களை மணலின் உயர்ந்த இடத்துக்குக் கூட்டிவந்து, சின்னப் பிள்ளைகள் நடுவிலும் பெரியவர்கள் ஓரங்களிலுமாக முதுகோடு முதுகு ஒட்ட வட்டமாக இருத்தினார். எல்லோருக்கும் இலக்கம் கொடுத்தார். அவர் ஒன்று, அம்மம்மா இரண்டு. நான் ஆறு, தங்கச்சி ஏழு. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய் டோர்ச் அடித்துக் குடையைப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் "ஒண்டு" என்பார், நாங்கள் தொடர்ந்து எங்கள் இலக்கங்களைச் சொல்லவேண்டும். தூங்கினால் சொல்லமுடியாது, யாரும் தூங்கவில்லை. தண்ணீர் குடையின் பிடியளவுக்கு ஏறியதென்றும் பிறகு வடியத் தொடங்கியதென்றும் அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன். அதே படகில் வந்து இறங்கிய வேறு இரண்டு குடும்பங்களும் விடியுமுன் எங்கள் வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டமாக வந்து இருந்துகொண்டன. அவர்களுக்கும் இலக்கம் கிடைத்தது.

வெளிச்சம் வந்த பிறகு ஒரு இந்திய ரோந்துப் படகு வந்தது. அதில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவன் ஒரு இளைஞன் மட்டும்தான். கையில் கொப்பியும் பேனாவுமாக மணலில் குதித்து வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் அம்மப்பா எழுந்து நின்று, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினார். எந்த ஊர், எந்தக் கரையில் ஏறினோம், எத்தனை மணிக்கு, மொத்தம் எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா, கையில் என்ன இருக்கிறது. அவன் எழுதமுடியாமல் திணறினான். இவர் நிறுத்தி, அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். முடிந்ததும் அவன் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வாயெடுத்தபோது, "தம்பி, முதல்ல பிள்ளையளுக்குத் தண்ணி குடுங்கோ. பிறகு கேக்கலாம்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவன் படகைப் பார்த்து ஏதோ கத்தினான், ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கான் வந்தது.

எங்களைக் கொண்டுபோய் இறக்கிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த இடிந்த சுவர்கள்தான். அதே புயல் திருகோணமலையையும் அடித்தது. அப்போது அம்மப்பா கடற்படையில் இருந்தார். அங்கிருந்து மண்டபம் முகாம். முன்பு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களை இலங்கைக்கு ஏற்றுமுன் மறித்துவைத்துச் சோதித்த இடம் அது. மூன்று ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு 1993இல் திரும்பி வந்தோம். முகாமிலும் அவருக்கு ஒரு கொப்பி இருந்தது. அதன் முதல் வரி அந்த இரவுக்குரியது, பிறகு நினைவிலிருந்து எழுதியது: காற்று சோழகம், கடல் எழும்புது, ஆட்கள் 7.

கேட்டவர்

அந்தக் கேள்விகளெல்லாம் அந்த வரிசையில் அவருக்கு எப்படித் தெரிந்திருந்தன என்பது நான் வளர்ந்து, 2002 சமாதான காலத்தில் அவரோடு நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்துக்குப் போன ஒரு பின்னேரம்தான் தெரியவந்தது. வெட்டிவிட்ட புல்லும் ஒரே உயரத்துக் கற்களும் உள்ள அந்த இடத்துக்கு அவர் எப்போதாவது போவார். கற்களில் இருக்கும் வயதுகளை மட்டும் வாசித்துக்கொண்டு நடப்பார். பத்தொன்பது, இருபத்தொன்று, இருபது. அன்று ஒரு மரநிழலில் இருந்துகொண்டு, தான் கடைசி ஆண்டுகளில் காரைநகர் எலாரா முகாமில் இருந்ததையும், இரவுகளில் பாக்குநீரிணையில் ரோந்து போனதையும் சொன்னார். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்தக் கடலில் கடற்படைக்கு இருந்த பெரிய வேலை கள்ளத்தோணி பிடிப்பதுதான். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களைக் கடலில் மறித்துக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். படகில் தமிழ் தெரிந்த மாலுமி இவர். கொப்பியும் பென்சிலும் இவரிடம் இருக்கும். எந்த ஊர், எந்தக் கரை, எத்தனை மணி, எத்தனை பேர்.

நான் அவரிடம் கேட்டேன், ஒரு தோணியையாவது தெரிந்தும் தெரியாததுபோல விட்டிருக்கிறாரா என்று. விட்டேன் என்று அவர் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டேன். அதை இங்கே மறைப்பதில் பயனில்லை. இந்தக் கதையை யாருக்குச் சொன்னாலும் அவர்களும் அந்த இடத்தில் அதையே எதிர்பார்க்கிறார்கள். ஒரு தோணியையேனும் விட்டிருந்தால் மாமாமாரும் கல்வெட்டில் ஒரு பத்தி எழுதச் சம்மதித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்களை அங்கே அனுப்புவது, மூன்று இலட்சம் பேரை இங்கே வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கணக்கின் கடைசி நுனியில் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தமிழ் மாலுமியிடம் நாம் அதை எதிர்பார்ப்பது இயல்புதான்.

"இல்லையடா அப்பன். ஒருத்தரையும் விடேல்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி குடுக்காமல் கேள்வி கேட்டதில்லை. அவ்வளவுதான்" என்றார். அவர் குரலில் பெருமை இல்லை, மன்னிப்புக் கேட்கும் தொனியும் இல்லை. கடையில் கணக்குப் பார்க்கும்போது, மிச்சம் இவ்வளவுதான் வருகிறது என்று சொல்வாரே, அந்தக் குரல்தான். தீடையில் அந்த இளைஞன் வந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். பையன் பேனாவைக் கொண்டுவந்திருந்தான், கடற்காற்றில் மை ஊறும், பென்சில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்.

தண்ணீர் கொடுத்தது போதுமா என்றால், போதாது என்றுதான் சொல்வேன். அவர் கொப்பியில் எழுதப்பட்டுத் திரும்பிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், என் பக்கத்து நியாயம் எதையும் நான் அவர்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த இரவு எங்கள் ஏழு பேரையும் விடியும்வரை உட்காரவைத்து எண்ணிக்கொண்டிருந்தவருக்கும், பாக்குநீரிணையில் தோணிகளை மறித்தவருக்கும் நடுவே கோடு கீறி ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை வெட்டிவிட எனக்கு வழி தெரியவில்லை. குடையை மணலில் குத்தத் தெரிந்தது அந்த வேலையால்தான். முதலில் தண்ணீர் கேட்கவேண்டும் என்று தெரிந்ததும் அந்த வேலையால்தான். பெரிய மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எழுது, ஆனா என்ர பேரைப் போடாதே" என்றார். போடவில்லை.